டீம் டூரில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது: எச்ஆரிடம் போகட்டுமா?

சோழிங்கநல்லூர்வாசி:
ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் இருக்கிறேன். எங்கள் டீமில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர். போன வருஷம் அவரே நாலைந்து பேரிடம் சொன்னார், அப்புறம் டீம் முழுக்கத் தெரிந்துவிட்டது. முகத்துக்கு நேரே யாரும் தப்பாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் ஏற்காடு டூருக்கு ரூமுக்கு இரண்டு பேர் என்று ஷீட்டில் பெயர் போட்டபோது, அவர் பெயருக்குப் பக்கத்துக் கட்டம் மட்டும் இரண்டு நாளாகக் காலி. டீம் லீட் சிரித்துக்கொண்டே "அவருக்கு சிங்கிள் ரூம் போட்டுடலாம், எல்லாருக்கும் நிம்மதி" என்றார். மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. சனிக்கிழமை சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை வந்தாலும் "உங்களுக்கென்ன, பிள்ளையா குட்டியா" என்று அவர் தலையில்தான் விழும். இத்தனைக்கும் அவர் ஏழு வருஷமாக ஒருவரோடு வாழ்கிறார், போன மாசம் அந்த நண்பருக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் இவர் சனிக்கிழமை வேலை பார்த்தார். புகார் கொடுக்கட்டுமா?

மெட்ராஸ்காரன்82:
சிங்கிள் ரூம் கொடுத்ததெல்லாம் பாகுபாடா? எனக்குக் கொடுத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

கறுப்புக்கோட்டு:
சட்டத்தை நம்பிப் போகாதீர்கள். தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவு, வயது வந்தவர்கள் சம்மதத்தோடு சேர்வதற்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதால் அவர் குற்றவாளி இல்லை, அவ்வளவுதான். ஆபீஸ் பாலியல் தொல்லைக்கான 2013 சட்டத்தில் பெண்கள்தான் புகார் கொடுக்க முடியும், 2019 சட்டம் திருநர்களுக்கானது. 2023 அக்டோபர் தீர்ப்பில் திருமண உரிமையும் கிடைக்கவில்லை, அதனால் இன்சூரன்ஸில் அந்த நண்பரைச் சேர்ப்பதும் கம்பெனி மனசு வைத்தால்தான். மிச்சம் இருப்பது உங்கள் கம்பெனியின் நடத்தை விதி, அதில் 'பாலீர்ப்பு' பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேர்வேண்டாம்:
நானும் தன்பாலீர்ப்பாளன்தான், பன்னிரண்டு வருஷ சர்வீஸ். மெட்ராஸ்காரரே, கேட்டு வாங்கும் ரூம் வேறு, பக்கத்தில் படுக்க யாரும் வரமாட்டார்கள் என்று தள்ளிவிடும் ரூம் வேறு. அந்தக் காலிக் கட்டத்தை அவரும் ஷீட்டைத் திறக்கும்போதெல்லாம் பார்த்திருப்பார்.

சோழிங்கநல்லூர் நண்பரே, அவரைக் கேட்காமல் எச்ஆர் பக்கம் போகாதீர்கள். என் பழைய ஆபீசில் ஒருவர் நல்ல எண்ணத்தில் எனக்காகப் புகார் கொடுத்தார். விசாரணை என்று கூப்பிட்டதில் அதுவரை தெரியாத இரண்டு மேனேஜர்களுக்கும் தெரிந்துபோனது, என் அம்மாவுக்கே அப்போது தெரியாது. 'பிரைட்' மாசம் என்று ஜூனில் வானவில் பலூன் கட்டிய ஆபீஸ்தான் அதுவும். சனிக்கிழமை வேலையை முறை வைத்துப் போடச் சொல்ல அவர் பெயரை இழுக்கவே வேண்டாமே. அப்புறம், மற்றவரிடம் "வீட்டில் எப்படி இருக்காங்க" என்று கேட்பதுபோல அவரிடமும் அந்த நண்பர் தேறிவிட்டாரா என்று கேளுங்கள். எனக்கு அப்படி ஒருவர் கேட்க ஒன்பது வருஷம் ஆனது.

சோழிங்கநல்லூர்வாசி:
அவரிடமே கேட்டேன். புகார் வேண்டாம் என்றார். ரூமில் நான் சேர்ந்துகொள்ளட்டுமா என்றதற்கு, "குறட்டை விடுவீங்களா?" என்றார். கட்டத்தில் என் பெயரைப் போட்டுவிட்டேன். முறை வைக்கும் விஷயத்தை மீட்டிங்கில் சொன்னபோது லீட் "பார்க்கலாம்" என்றார். இந்தச் சனிக்கிழமைக்கும் அவர் பெயர்தான் இருக்கிறது. நாளைக்குத் திரும்பக் கேட்கப் போகிறேன்.