மூலைமட்டக் கோடு சுற்றி வந்து சேரமாட்டேன் என்கிறது, பென்சில்தான் காரணமா?

கேள்வி:
இழுப்பறை ஒன்று செய்யப் பலகை அறுத்துக்கொண்டிருக்கிறேன். மூலைமட்டம் (ஒரு கட்டையும் உலோகத் தகடும் செங்கோணத்தில் சேர்ந்த கருவி) வைத்து மேல் முகத்தில் ஒரு கோடு, அப்புறம் பக்கம், அடி, மறுபக்கம் என்று சுற்றி வந்தால் கடைசிக் கோடு முதல் கோட்டைத் தொடுவதே இல்லை. 1 மி.மீ. வரை விலகுகிறது. சாதாரண எச்பி பென்சில், ஷார்ப்னரில் சீவியது. நாலு கோட்டுக்குள் முனை மொட்டை. எந்தப் பென்சில் வாங்கலாம்? எப்படிச் சீவுவது?

பதில் 1:
எச்பியைவிடக் கடினமான 2எச் வாங்குங்கள். கிராஃபைட்டோடு களிமண் கூடக் கூடக் கரி இறுகும், முனையும் நின்று உழைக்கும். 4எச் வேண்டாம். மென்மையான மரத்தில் அது பள்ளம் போட்டுவிடும், அழித்தாலும் தழும்பு போகாது.

பதில் 2:
பென்சிலை மாற்றினால் பாதிதான் தீரும், சீவும் விதமும் மாற வேண்டும். ஷார்ப்னர் தருவது கூம்பு. மட்டத்தின் தகட்டுக்குத் தடிமன் உண்டு அல்லவா? கூம்பின் வயிறு தகட்டின் மேல் விளிம்பில் இடித்துக்கொள்ளும், முனை விளிம்பை விட்டுத் தள்ளி நிற்கும். கை சாயும்போதெல்லாம் அந்தத் தூரமும் மாறும்.

உளி மாதிரி சீவுங்கள். கத்தியால் மரத்தை மட்டும் செதுக்கி 8 மி.மீ. அளவுக்குக் கரியை வெளியே விடுங்கள். 220 எண் உப்புத்தாளைக் கட்டைத் துண்டு ஒன்றில் ஒட்டி, கரியின் ஒரு பக்கத்தைச் சப்பையாகத் தேயுங்கள். திருப்பி, மறுபக்கத்தைச் சரிவாகத் தேயுங்கள். கோடு போடும்போது சப்பைப் பக்கம் தகட்டில் முழுதாகப் படியட்டும். தேய்மானம் ஒரு புள்ளியில் விழாமல் விளிம்பு முழுக்கப் பரவுவதால் இந்த முனை சீக்கிரம் மழுங்காது. மழுங்கினால் உப்புத்தாளில் இரண்டு இழுப்பு போதும்.

தச்சர்களின் தட்டைப் பென்சிலையும் இப்படிச் சீவலாம். ஆனால் அதன் கரி தடிமன், பெரிய வேலைக்குத்தான் சரி. மேசையிலிருந்து உருண்டு விழாது என்பது தனி சௌகரியம்.

கேட்டவர்:
செதுக்கும்போதே கரி இரண்டு முறை உள்ளுக்குள் முறிந்துவிட்டது. பேசாமல் 0.5 மெக்கானிக்கல் பென்சில் வாங்கிவிடலாமா?

பதில் 2:
அந்தப் பென்சில் எப்போதாவது கீழே விழுந்திருக்கும், உள்ளே கரி நொறுங்கியிருக்கும். கத்தி மழுங்கியிருந்தாலும் இதேதான். 0.5 நல்லதுதான், சீவும் வேலையே இல்லை. ஆனால் கரியைச் சுற்றியுள்ள உலோகக் குழல்தான் தகட்டை உரசும், கோடு சற்றுத் தள்ளி விழும். அதனால் மட்டத்தை வைத்துவிட்டுப் பென்சிலைக் கொண்டுபோகாதீர்கள். முனையைக் குறியில் ஊன்றிக்கொண்டு, மட்டத்தை நகர்த்திவந்து அதில் முட்டவிடுங்கள். எந்தப் பென்சிலானாலும் இதுதான் வழி.

பதில் 3:
1 மி.மீ. என்பது பென்சில் கணக்கு மட்டும் இல்லை. ஒரு கோடு போட்டு, மட்டத்தைப் புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொன்று போடுங்கள். இரண்டும் விரிந்தால் மட்டம் கோணல், தெரியும் இடைவெளியில் பாதிதான் உண்மைப் பிழை. நான் ஒரு வருஷம் பென்சிலைத் திட்டினேன், கடைசியில் பார்த்தால் கீழே விழுந்த மட்டம்!

அப்புறம், மட்டத்தின் கட்டையை எந்த முகத்தில் சாத்துகிறீர்கள்? ஒரு முகம், அதையொட்டிய ஒரு விளிம்பு, இவை இரண்டில் மட்டும்தான் சாத்த வேண்டும். இணைப்பு வரும் இடத்தில் மரத்தின் ரேகைக்கு (நார் ஓடும் திசைக்கு) குறுக்கே கத்தியால் கீறி, அந்தக் கீறலில் 2எச்சை ஓட்டிவிடுங்கள். கறுத்த மரமென்றால் வெள்ளைப் பென்சில்.

கேட்டவர்:
மட்டம் சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் கைக்கு வந்த பக்கத்தில் எல்லாம் சாத்தியிருக்கிறேன், பலகையும் ஒரு முனையில் அகலம் குறைவு. நீங்கள் சொன்ன இரண்டு பக்கங்களில் மட்டும் சாத்தி, உளி முனையால் போட்டேன். மூன்று பலகைகளில் கோடு சேர்ந்துவிட்டது. நாலாவதில் இன்னும் மயிரிழை விலகுகிறது. அதன் விளிம்பை இழைத்துவிட்டு மறுபடி பார்க்கிறேன்.