செடியில் அசுவினி: எறும்பைப் பார்த்தால் நுனியைத் திருப்பிப் பாருங்கள்

என் செம்பருத்தியில் அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி) வந்திருப்பதைக் காட்டிக்கொடுத்தது எறும்புதான். தண்டில் ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே போக்குவரத்து. கொழுந்தைத் திருப்பினால் இலையடியில் பச்சைப் பச்சையாக அப்பிக் கிடக்கின்றன. கூடவே அவை உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள். கீழ் இலையெல்லாம் பிசுபிசுப்பு.

செடியின் சாற்றில் சர்க்கரைதான் அதிகம், புரதத்துக்கான சத்து குறைவு. அது போதுமான அளவு கிடைக்க அசுவினி நிறைய உறிஞ்ச வேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரை இனிப்பு நீராக வெளியே வந்துவிடும். அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது; அசுவினியைத் தின்னும் பொறிவண்டு பக்கத்தில் வந்தால் விரட்டியும் விடுகிறது. அப்புறம் அந்த இனிப்பின் மேல்தான் கரும்பூசணம் படரும்.

நுனியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தேன். நன்றாகவே கொட்டியது. ஆனால் சில நாளில் மறுபடி அதே கூட்டம். ஆண் துணையே இல்லாமல் பெண் பூச்சி நேராகக் குட்டி போடும். நல்ல வெயில் காலத்தில் அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் போட ஆரம்பித்துவிடும். பத்துப் பூச்சி தப்பினால் போதும்.

எறும்பின் வழியை அடைத்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் வைத்து அதன்மேல் தொட்டியை ஏற்றினேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையையும் வெட்டினேன், இல்லையென்றால் அதுவே பாலம். பிறகு பொறிவண்டுகள் தாமாக வந்தன.

பதில்: வண்டை எல்லோருக்கும் தெரியும், அதன் புழுவைத்தான் தெரியாமல் நசுக்குகிறார்கள். கறுப்பாக, ஆரஞ்சுத் திட்டுகளோடு குட்டி முதலை மாதிரி இருக்கும். விட்டுவிடுங்கள். என் ரோஜாவில் சில அசுவினிகள் பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டியிருந்தன. அவை நோய் வந்தவை அல்ல. சின்னக் குளவி ஒன்று உள்ளே முட்டையிட்டுப் போயிருக்கிறது. புழு உள்ளிருந்தே தின்று, ஓட்டை போட்டுக் குளவியாக வெளியே வரும். அதைப் பார்த்ததும் தெளிப்பதை நிறுத்திவிட்டேன்.

பதில்: அரளியில் வரும் மஞ்சள் அசுவினியை (கால் கறுப்பாக இருக்கும்) நான் கண்டுகொள்வதே இல்லை. அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். வளர்ந்த செடி தாங்கிக்கொள்கிறது. மிளகாய், வெள்ளரி என்றால் சும்மா விட மாட்டேன், வைரஸ் நோயைக் கொண்டுவந்துவிடும்.

பதில்: சோப்புக் கரைசல் யாரும் சொல்லவில்லையே? வேலை செய்யும், ஆனால் பூச்சியின் மேல் நேராகப் பட்டால்தான். காய்ந்த பிறகு அதற்குச் சக்தி இல்லை, அதனால் இலையடி நனைய வேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும். முதலில் ஓர் இலையில் அடித்து மறுநாள் பாருங்கள். தழைச்சத்து உரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். கொழுகொழு கொழுந்து வந்தால் இவையும் அங்கேதான் குவியும்.