புதுப்பிப்பு: பன்னீர் திராட்சையில் இலை மஞ்சளானதன் காரணம் தெரிந்தது

சுருளிப்பட்டியில் என் பன்னீர் திராட்சைக் கொடியில் இலைகள் மஞ்சளாவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். வழிசொன்ன அனைவருக்கும் நன்றி.

இரும்புச்சத்துக் குறை என்றே பலரும் சொன்னீர்கள், நானும் நம்பினேன். குமுளி நண்பர் மட்டும், “மஞ்சள் அடியிலையிலா, கொழுந்திலா என்று பாருங்கள்” என்றார். அதுதான் சரியான கேள்வி: இரும்புக் குறை முதலில் கொழுந்தில் தெரியும், மக்னீசியக் குறை அடியிலையில் தெரியும். கொழுந்து பச்சையாகவே இருந்தது. அடியிலைகளில் நரம்புகள் மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். மக்னீசியக் குறை! லிட்டருக்கு 5 கிராம் மக்னீசியம் சல்பேட் கலந்து, 10 நாள் இடைவெளியில் இருமுறை மாலையில் தெளித்தேன். கருகிய இலைகள் தேறவில்லை. ஆனால் மஞ்சள் மேலே ஏறவில்லை.

எதிர்பாராதது மண் பரிசோதனை முடிவுதான். மண்ணில் மக்னீசியம் போதுமான அளவு இருந்தது. பழம் இனிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் நான் அள்ளிப் போட்ட பொட்டாஷ் (சாம்பல்சத்து உரம்), அந்த மக்னீசியத்தை வேர் எடுக்கவிடாமல் தடுத்திருக்கிறது. இந்த முறை கவாத்துக்கு (கொடியை வெட்டிவிடுவதற்கு)ப் போடும் பொட்டாஷைப் பாதியாகக் குறைத்துவிட்டேன்.