கடலைக் குருத்து கருகுகிறது, மருந்துக்கும் நிற்கவில்லை

கடலைக்காடு:
கிருஷ்ணகிரிப் பக்கம், மானாவாரி நிலக்கடலை, விதைத்து 35 நாள். இளம் இலையில் பழுப்புப் புள்ளி விழுகிறது, அப்புறம் குருத்து கருகி, கருப்பு தண்டில் இறங்குகிறது. சில செடிகள் ஒரே வாரத்தில் போய்விட்டன. கடையில் பூசண நோய் என்றார்கள். இரண்டு முறை அடித்தும் பலன் இல்லை. ரோட்டோரம்தான் அதிகம், நடுக்காட்டில் குறைவு.

மேட்டுநிலம்:
ரோட்டோரம் என்ன முளைத்திருக்கிறது தம்பி?

கடலைக்காடு:
பார்த்தீனியம் அண்ணே. இடுப்பளவு, வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. ஆனால் அதில் ஒரு நோயும் இல்லையே, பச்சைப்பசேலென்று நிற்கிறது.

மேட்டுநிலம்:
அதுதான் வில்லங்கம். புகையிலைக் கீற்று வைரஸ் பார்த்தீனியத்துக்குள் குடியிருந்தாலும் வெளியே காட்டாது. வைரஸ் இருப்பது அதன் மகரந்தத்தில். பூவில் திரியும் இலைப்பேன் என்ற பொடிப்பூச்சி அந்தத் தூளைச் சுமந்துகொண்டு காற்றோடு வந்து கடலைக் குருத்தைச் சுரண்டும். அந்தக் காயம்தான் வைரஸுக்கு வாசல். ஒரு பூங்கொத்தை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள், நூல் துணுக்கு ஊர்வது போலத் தெரியும். 2000-ல் ஆந்திராவின் அனந்தப்பூரில் சுமார் 2.25 லட்சம் ஹெக்டேர் கடலையில் இறங்கியது இதே நோய்தான். பூசண மருந்து இதை ஒன்றும் செய்யாது.

நாற்றங்கால்:
அவசரப்பட வேண்டாம். மொட்டுக் கருகல் நோயும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அதுவும் இலைப்பேன் கொண்டுவரும் வைரஸ்தான். அதில் இலையில் மஞ்சள் வளையம் விழும், உங்கள் செடியில் இருக்கிறதா? வேளாண் அறிவியல் நிலையத்தில் செடியைக் காட்டிவிடுங்கள்.

கடலைக்காடு:
வளையம் இல்லை. தட்டிப் பார்த்தேன், ஒரு பூவுக்கு ஏழெட்டு ஊர்கிறது! கருகிய கடலையைப் பிடுங்கிவிடவா?

மேட்டுநிலம்:
இந்த வைரஸ் என்றால் அது வீண் கூலி. கடலைக்கு மூடிய பூ, மகரந்தம் வெளியே வராது. அதனால் கடலையிலிருந்து கடலைக்குப் பரவாது. ஆள் விடுவதானால் பார்த்தீனியத்துக்கு விடுங்கள். பிடுங்கியதை வரப்பில் குவிக்காதீர்கள், அது காயக் காய இலைப்பேன் உங்கள் காட்டுக்குத்தான் வரும். அடுத்த போகம், காற்றோடு வரும் இலைப்பேனை மறிக்க, கடலையோடு சேர்த்தே காட்டைச் சுற்றி நாலு வரிசை சோளமோ கம்போ நெருக்கமாக விதையுங்கள்.

கடலைக்காடு:
சரி அண்ணே. ரோட்டோரம் நம் இடம் இல்லையே, யாரிடம் கேட்பது?

மேட்டுநிலம்:
களை பிடுங்க யார் தடுக்கப்போகிறார்கள்? கையுறை மட்டும் மறக்காதீர்கள். எனக்குப் போன வருஷம் முழங்கை வரை தடித்துவிட்டது.