மெகாடெத்தின் புவெனஸ் ஐரிஸ் கச்சேரி: பார்த்தவர்களும் கேட்டவர்களும் எழுதலாம்

பாம்பன்காற்று

அமெரிக்க த்ராஷ் மெட்டல் குழுவான மெகாடெத்தின் புவெனஸ் ஐரிஸ் கச்சேரிப் பதிவான 'தட் ஒன் நைட்' டிவிடிக்கு இங்கே அதிக அறிமுகம் தேவையில்லை என்பதால் நேராக 'சிம்பொனி ஆஃப் டிஸ்ட்ரக்ஷன்' பாட்டுக்கே வந்துவிடுகிறேன். அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்றதால் அப்பா வீட்டில்தான் இருந்தார். வாசல்நடையில் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்தபடி என் த்ராஷ் மெட்டல் இரைச்சலைச் சகித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டின் கிட்டார் தொடங்கியதும், குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான டேவ் மஸ்டேன் வாய் திறப்பதற்கு முன்பே, கூட்டம் முழுவதும் குழுவின் பெயரையே அந்தக் கிட்டார் மெட்டின் மேல் ஏற்றிப் பாடுகிறது அல்லவா, அந்த இடத்தில் அப்பா வலையைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, தொலைக்காட்சிக்கு மிக அருகில் நின்று, "இத்தனை பேருக்கும் இதை யாருடா சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். இளவயதில் கரைவலை இழுத்தவர் அவர். ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் ஏந்திக்கொள்ளும் அம்பாப் பாட்டில் பழகிய காது. 2005 அக்டோபர் 9 அன்று அர்ஜென்டினாவில் அந்தக் கூட்டம் பாடியதும் ஒருவகை அம்பாதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அப்பாவின் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கீழக்கரையாள்

அந்த இடம் எனக்கும் பிடிக்கும் என்றாலும், என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கடைசிப் பாட்டான 'ஹோலி வார்ஸ்'. துபாயிலிருந்து விடுப்பில் வந்த என் காக்காதான், அதாவது அண்ணன்தான், அந்த டிவிடியைக் கொண்டுவந்தார். 2002இல் மஸ்டேனின் இடது கை நரம்பு அழுந்திப் பிடிமானமே இல்லாமல் போய், அவர் குழுவைக் கலைத்ததாக அறிவித்தது காக்காவுக்கு ஏதோ குடும்பத்தில் நடந்த துக்கம் போலவே இருந்தது. 2004இல் 'த சிஸ்டம் ஹாஸ் ஃபெய்ல்ட்' தொகுப்பு வந்தபோதும் இதுவே கடைசியாக இருக்கும் என்றுதான் பேச்சு. பிறகு இதே புவெனஸ் ஐரிஸ் மேடையில்தான் மெகாடெத் தொடரும் என்று மஸ்டேன் அறிவித்தார்.

'ஹோலி வார்ஸ்' வேகம் பிடித்து, கிட்டாரின் கழுத்துப் பகுதியில் விரல்கள் ஓடுவது பெரிதாகத் தெரிந்த ஒரு கணத்தில் காக்கா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். திரை முழுவதும் ஓர் இடது கை. அவர் எதுவும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரோடு வந்த உம்மா சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "கையை மட்டும் காட்டுறாங்களே, மனுசன் எங்கே?" என்றார். நானும் காக்காவும் சிரித்தோம். ஆனால் இப்போது அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் எனக்கு அந்தக் கைதான் முதலில் தெரிகிறது.

தொண்டித்துறை

பாம்பன் அண்ணன் மன்னிக்க வேண்டும், அம்பாவோடு ஒப்பிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்பாவில் எடுத்துக்கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும் என்ற தேவைக்காகவே அந்தப் பாட்டு. புவெனஸ் ஐரிஸில் அந்தச் சொற்களை மேடையிலிருந்து யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை. 1992இல் 'கவுன்ட்டவுன் டு எக்ஸ்டிங்ஷன்' தொகுப்பில் வெளிவந்த பாட்டில் அந்த வரியே கிடையாது. கேட்பவர்களே அதை உண்டாக்கி, பாடகர் பாடாத இடத்தில் வைத்துக்கொண்டார்கள். ஆகவே உங்கள் அப்பா கேட்டது மிகச் சரியான கேள்வி, நீங்கள்தான் அதை அம்பா என்று சொல்லி மூடிவிட்டீர்கள்.

என் அனுபவம் சிறியது. 2007இல் டிவிடிக்குப் பின் வந்த இரட்டைக் குறுந்தகட்டின் ஒலிதான் எனக்கு முதலில் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டிய பேருந்தில் காதில் மாட்டியிருந்தபோது, அந்தக் கோஷம் எழுந்த இடத்தில் பேருந்துக்குள்தான் ஏதோ தகராறு என்று திரும்பிப் பார்த்தேன். படம் இல்லாமல் கேட்டவர்களுக்குத்தான் அது பிடிபடும் என்பது என் துணிபு.

மண்டபம் பழுதுபார்ப்பு

நான் ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த பிளேயரைச் சரிசெய்துவிட்டுச் சோதிப்பதற்காக, அதற்குள் அவர் விட்டுவைத்திருந்த வட்டை ஓட்டியபோதுதான் இந்தக் கச்சேரியைப் பார்த்தேன். 'ஹேங்கர் 18' பாட்டு முடியும்வரை அவரைக் கூப்பிடவில்லை.

ஆனால் இங்கே எழுதுபவர்கள் எல்லாரும் கடலோரத்தில் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். குறுந்தகடும் டிவிடியும் 1.2 மில்லிமீட்டர் தடிமன்தான் என்றாலும் அமைப்பு வேறு. குறுந்தகட்டில் அலுமினியப் பூச்சு, பெயர் அச்சிட்ட மேற்பக்கத்துக்குச் சற்றே கீழே, மெல்லிய அரக்குப் பூச்சு ஒன்றின் பாதுகாப்பில் மட்டும் இருக்கிறது. டிவிடியிலோ தலா 0.6 மில்லிமீட்டர் உள்ள இரண்டு தகடுகளை ஒட்டி, அவற்றுக்கு நடுவில் அந்தப் பூச்சை வைத்திருக்கிறார்கள். ஆகவே தொண்டித் தம்பி உயர்த்திப் பேசும் இரட்டைக் குறுந்தகடுதான் மேற்பக்கக் கீறலில் முதலில் போகும். வட்டை வட்டமாகத் துடைக்காதீர்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். படுக்கவைத்து அடுக்காமல் நிறுத்திவையுங்கள். வீட்டில் நகலெடுத்த வட்டாக இருந்தால் அதில் இருப்பது சாயப் படலம். வெயிலும் வெப்பமும் அதைத் தின்றுவிடும், சன்னலோரம் வைக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் வட்டு கெடுவதில்லை, பிளேயரின் லென்ஸில்தான் உப்பு ஈரம் படிந்து மங்குகிறது. படம் நின்று நின்று ஓடினால் வட்டைத் தூக்கி எறிவதற்கு முன் லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள். கீழக்கரைச் சகோதரியின் காக்காவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். மூல வட்டு வைத்திருப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கீழக்கரையாள்

காக்காவின் வட்டு நன்றாகவே ஓடுகிறது. அன்று படத்தை நிறுத்தியது அவர்தான் என்று எழுதியிருந்தேன்.

தனுஷ்கோடி வேன்

எனக்கு வட்டும் இல்லை, லென்ஸும் இல்லை, பென்டிரைவ்தான். அரிச்சல்முனைக்கு 2017இல் சாலை திறந்த பிறகு ஓட்டம் கூடியது. ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றியிருந்தேன். பக்திப் பாடல்கள் முடிந்து, அதே பென்டிரைவில் இருந்த இந்தக் கச்சேரி தானாகவே தொடங்கிவிட்டது. பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். நிறுத்தக் கையை நீட்டும்போது பின் இருக்கையில் இருந்த இரண்டு பிள்ளைகள், நீங்கள் எல்லாரும் சொல்லும் அதே கோஷத்தை, என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், இரண்டாம் சுற்றிலேயே பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். பாம்பன் அண்ணனின் அப்பாவிடம் சொல்லுங்கள், அவர்களுக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பாட்டு முடியும்வரை நான் நிறுத்தவில்லை. திரும்பி வந்து இறங்கும்போது, காது வலித்தது என்று சொல்லி வாடகையில் ஐம்பது ரூபாயைக் குறைத்துக்கொண்டார்கள்.