நம்ம பக்கத்துக் கதைகள்: லீவுக்கு வீட்டோட பாக்க எது தேறும்?

பாளைவாசி:
தசரா லீவுக்கு வீடு நெறைய ஆளு இருப்பாவ. ஆச்சி சீரியல் கட்சி, பிள்ளேள் ஓடிடி கட்சி. ரெண்டு கட்சியும் சேந்து உக்காந்து பாக்க மாதிரி நம்ம பக்கத்துக் கதையா சொல்லுங்க. பாராட்டு வேண்டாம், எது எங்க சொதப்புதுன்னு உள்ளதைச் சொன்னாப் போதும். த்ரிஷ்யம் பாத்தவங்களுக்கு பாபநாசம் தேறுமா? சுழல், வதந்தி ரெண்டுல எது? மாரி செல்வராஜ் படத்துல முதல்ல எது? இன்னொண்ணு, புது டிவில எந்தப் படம் போட்டாலும் சீரியல் மாதிரி வழுவழுன்னு தெரியுது. அதுக்கு என்ன செய்யணும்?

அம்பை பாசஞ்சர்:
பாபநாசம் கதை தெரியாதவங்க இதைத் தாண்டிப் போயிருங்க.

மலையாளத்துல த்ரிஷ்யம் 2013, தமிழ்ல பாபநாசம் 2015, ரெண்டுக்கும் ஜீத்து ஜோசப்தான் டைரக்டர். சீனுக்குச் சீன் அதே படம்னு ஒதுக்க வேண்டாம். அந்தத் திரைக்கதையை ரெண்டாவது தடவை பாக்கதுலதான் ருசி. சுயம்புலிங்கம் (கமல்) பொய்ச் சாட்சி யாரையும் செட் பண்ணலை. ஏறின பஸ் நெசம், தங்கின லாட்ஜ் நெசம், பாத்த படம் நெசம். தேதி மட்டுந்தான் பொய். பெறகு அதே ஆளுகளைத் திரும்பப் போய்ப் பாத்து, பேச்சோட பேச்சா அந்தப் பொய்த் தேதியை அவங்க மண்டையில ஏத்திட்டு வந்திருதான். அதனால போலீஸ் எத்தனை தடவை துருவினாலும் சாட்சி உளறலை, அவங்க நம்பித்தான் சொல்லுதாவ. மொகம் ஞாபகம் இருக்கும், தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. அந்த ஒரு ஓட்டைக்குள்ளதான் மொத்தக் கதையும் நிக்கி.

முத ஒரு மணி நேரம் இழுவைன்னு ஓட்டி விட்டுராதீங்க. அவன் கஞ்சத்தனம், கேபிள் ஆபீஸ்ல உக்காந்து படமாப் பாத்துத் தள்ளுதது, டீக்கடைப் பேச்சு, எல்லாம் அங்கதான் இருக்கு. அதை விட்டா பின்பாதி வெறும் தந்திரமாத் தெரியும்.

குறை ரெண்டு. கடைசிச் சந்திப்புல மோகன்லால் ஒடுங்கி நின்னே முடிச்சிருவாரு, கமல் அழுது கரைஞ்சிருதாரு. எனக்கு முன்னதுதான் பிடிக்கி. அடுத்தது பேச்சு. ஜெயமோகன் வசனத்துல கொறை இல்ல. ஆனா கமல் வாயில முத அரை மணி நேரம் நம்ம ஊருப் பேச்சு கொஞ்சம் கூடுதலாக் கேக்கும், போகப் போக சரியாயிரும். கௌதமிக்குக் கடைசி வரை ஒட்டலை. மூணு மணி நேரம் ஓடும், ராச்சாப்பாட்டுக்கு முந்தியே போட்டுருங்க.

டவுண் முடுக்கு:
சுழல், வதந்தி ரெண்டும் 2022, ரெண்டும் அமேசான் பிரைம், ரெண்டும் எட்டு எபிசோடு. சின்னப் பிள்ளேளோட சேந்து பாக்கது ரெண்டுமே இல்ல. சுழல் முத சீசனோட கருவே பிள்ளேள் மேல நடக்க பாலியல் கொடுமை. பெரியவங்க தனியாப் பாத்துக்கலாம்.

சுழல்ல கட்டுமானம் நல்லாருக்கு. சிமெண்ட் ஆலை தீப்பிடிக்கி, அதே ராத்திரி யூனியன் தலைவர் மக காணாமப் போறா. ரெண்டையும் மயானக் கொள்ளைத் திருவிழாவோட ஒவ்வொரு நாளுக்கும் கோத்து எட்டு எபிசோடாப் பிரிச்சிருக்காவ. ஆனா மயானக் கொள்ளை வடக்க அங்காளம்மனுக்கு நடக்கது. சுடலைமாடன் கொடை, வில்லுப்பாட்டு, கணியான் கூத்து பாத்து வளந்த கண்ணுக்கு அது அடுத்த ஊருத் திருவிழாதான். 2025ல வந்த ரெண்டாவது சீசன்ல அஷ்டகாளின்னு ஒரு திருவிழா வருது. வேசம் கட்டின கூட்டம், கடக்கரை, பாத்ததும் குலசை (குலசேகரப்பட்டினம்) தசரா ஞாபகம் வந்திரும். ஆனா குலசைல வேசம்ங்கது நேத்திக்கடன். காப்புக் கட்டி, விரதம் இருந்து, அம்மன் பேரைச் சொல்லி வீடு வீடாக் காணிக்கை எடுக்காவ. தொடர்ல அந்த விரதத்தோட கனம் இல்ல, கலரு மட்டும் வந்திருக்கு. எட்டுப் பொண்ணுக எட்டு ஸ்டேஷன்ல சரணடைஞ்சு 'நாந்தான் கொன்னேன்'னு சொல்லுத தொடக்கம் அபாரம். அந்த எட்டுப் பேருக்கும் முன்கதை சொல்லியாகணும்ல, அங்கதான் நடு எபிசோடு தொங்குது.

வதந்திக்கும் அதே நோய். நாகர்கோயில் பக்கம் ஒரு பொண்ணு செத்துக் கெடக்கா, முதல்ல சினிமா நடிகைன்னு நினைக்காவ. செத்துப்போன அந்த வெலோனி யாருன்னு ஒவ்வொருத்தரும் ஒண்ணு சொல்லுதாவ. யோசனை நல்ல யோசனை. ஆனா சந்தேகப்படுத ஆளை ஒரு எபிசோடு முழுக்கக் காட்டி, கடைசில 'இவன் இல்ல'ன்னு கையக் கழுவுனா, மூணாவது ஆளு வரும்போதே நமக்குத் தெரிஞ்சு போவுது. அஞ்சு எபிசோடுல முடிக்க வேண்டிய சங்கதி. எஸ்.ஜே. சூர்யா அடக்கி நடிச்சிருக்காரு, அதுக்காகவே பாக்கலாம். ஒண்ணுதான்னா சுழல் முத சீசன்.

வைகுண்டத்தான்:
மாரி செல்வராஜ்ல பரியேறும் பெருமாள் (2018)தான் முதல்ல. வரிசைக்காகச் சொல்லலை. அதுல படிமம் கதைக்குள்ள இருந்து முளைக்கி, கர்ணன்ல (2021) படிமத்தைப் பிடிச்சுக் கதையை இழுக்காரு. கால் கட்டின கழுதை, முகமூடி போட்ட பிள்ளை, அந்தரத்துல வெட்டுத மீனு... ஒண்ணு ஒண்ணும் தனியா நல்லாருக்கு, சேத்தா மூச்சு முட்டுது. ஆனா பஸ் நிக்காத ஊருக்கு பஸ் நிக்கணும்னு தொடங்கி அது கலவரத்துல போய் முட்டுத வரைக்கும் கர்ணனோட முதப் பாதிக்கு ஈடு இல்ல. படம் தொட்டுப் பேசுத கொடியன்குளத்துல போலீஸ் புகுந்தது 1995. படம் வந்தப்போ 1997னு போட்டு, எதிர்ப்பு கிளம்பினதும் '1990களின் பிற்பகுதி'ன்னு மாத்தினாவ. ஒரு வருசம் தப்பினா ஆட்சியே மாறிப்போற விசயத்துல அது சின்னக் கொறை இல்ல.

பரியேறும் பெருமாள்ல விபத்து மாதிரி, தற்கொலை மாதிரி கொலை பண்ணிட்டுப் போற அந்தக் கெழவனைப் பாருங்க. சத்தம் இல்ல, கோவம் இல்ல, கொத்து வேலைக்குப் போறாப்பல போறான். தமிழ்ல அப்படி ஒரு வில்லன் கம்மி. நாய் சாகுதது தொடக்கத்துலயே வருது, சின்னதுகளை முன்கூட்டியே பக்குவப்படுத்திக்கோங்க.

வாழை (2024) வீட்டோட பாக்க நல்லது. சேத்துல கால் புதைய வாழைத்தார் சுமக்கதையும், கூலியைக் கூட்டிக் கேக்கதையும் இம்புட்டு கிட்டத்துல யாரும் எடுக்கலை. டீச்சர் மேல பையனுக்கு வார பிரியத்தைக் கொஞ்சம் நறுக்கியிருக்கலாம். பைசன் (2025) கபடிக் கோட்டுக்குள்ள நிக்கப்போ உசிரா இருக்கு, வெளிய ரெண்டு பெரிய ஆளு பகைக்குப் போறப்போ நீளுது.

சந்திப்பு சவுண்டு சர்வீஸ்:
டிவி வழுவழுப்பு: சினிமா செகண்டுக்கு 24 பிரேம். டிவி நடுவுல சொந்தமா பிரேம் செஞ்சு சொருகுது, அதனாலதான் சீரியல் மாதிரி தெரியுது. பிக்சர் செட்டிங்ல சாம்சங்னா 'பிக்சர் கிளாரிட்டி', எல்ஜின்னா 'ட்ரூமோஷன்', சோனின்னா 'மோஷன்ஃப்ளோ'. அதை ஆஃப் பண்ணுங்க. 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தா அதை வச்சாலே போதும். பெரும்பாலான டிவில ஆப்புக்கு ஒரு செட்டிங், எச்டிஎம்ஐக்கு ஒரு செட்டிங். ஒண்ணுல மாத்திட்டு இன்னொண்ணுல மாறலையேன்னு தேடாதீங்க.

வசனம் கேக்காம பாட்டு மட்டும் காதைப் பொளந்தா, டிவி ஸ்பீக்கருக்கு 5.1 சத்தம் (பல ஸ்பீக்கருக்குன்னு பிரிச்சது) போவுதுன்னு அர்த்தம். அதுல பேச்சு நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா வருது. ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் ஆக்கிருங்க.

மைனி கார்னர்:
ஆச்சி கட்சிக்கு நான் பேசுதேன். அரை மணி நேர சீரியல்ல விளம்பரம் போகக் கதை இருவது நிமிசத்தைச் சுத்தித்தான். அதுல நேத்தைய கதை, டைட்டில், ஒரு வசனத்துக்கு வரிசையா ஏழு பேரு மொகம். தினமும் ஒரு எபிசோடு குடுக்கணும், ஒரே வீட்டுக்குள்ள அத்தனை பேரையும் நிறுத்தி எடுக்கணும், வேற வழி கெடையாது. வார முதல்ல ஒரு முடிச்சு, வாரக் கடைசில ஒரு அவிழ்ப்பு. வெள்ளி, சனி பாத்தா ஒண்ணும் விட்டுப்போகாது.

எதிர்நீச்சல் (2022–2024) மாரிமுத்து இருந்த வரைக்கும் ஆட்டமே வேற. வீட்டு ஆம்பளைகிட்ட அத்தனை பேரும் பயப்படுதது ஏன்னு அவரு உக்காந்திருக்க தோரணைலயே தெரியும். 2023 செப்டம்பர்ல அவரு இறந்த பெறகு கதை பழைய பழிவாங்கல் தடத்துல விழுந்திட்டு. மெட்டி ஒலிக்கு (2002–2005) சதி, விசம், ஆள்மாறாட்டம் எதுவும் தேவைப்படலை. அஞ்சு பொண்ணு, ஒரு அப்பா, ஒவ்வொரு வீட்டுச் சீர் வரிசைச் சண்டை, அவ்வளவுதான். ஆச்சிக்கு அதைப் போடுங்க.

பாளைவாசி:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை பாபநாசம், ஞாயிறு வாழை. சாமி (2003) பத்தி ஒருத்தரும் வாயே தெறக்கலையே?

டவுண் முடுக்கு:
அது நெல்லைன்னு போர்டு வச்ச மசாலாப் படம் தம்பி. டைரக்டர் ஹரி வேகத்துக்காக ஒரு மத்தியானம் ஓடும். விக்ரம் இட்லியில பீரை ஊத்துத சீனுக்கு ஆச்சி எந்திரிச்சுப் போயிருவாவ, அதை மட்டும் பாத்துக்கோங்க.