மறு: ‘வயதுப் புளுகு’ பொருந்துமா?

வணக்கம்ங்க. ஏற்றிச் சொல்லப்படும் வயதுகளுக்கு நம் சொற்பட்டியலில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சில் வந்த யோசனை இது:

> 130 வயது, 140 வயது என்று வருகிற செய்திகளுக்கு ‘வயதுப் புளுகு’ என்றே வைத்துவிடலாமே?

சொல் காரசாரமாகத்தான் இருக்கிறது. ஆனால் புளுகு என்றால் புளுகியவர் ஒருவர் வேண்டும். நம் பக்கத்தில் யாரும் பொய் சொல்லாமலேயே வயது ஏறிவிடும்.

பெருந்துறைப் பக்கம் ஓர் அப்பத்தாவிடம் வயது கேட்டால், “தாது வருசத்துல பொறந்தேன் சாமி” என்பார். கேட்கிறவர் தாது வருசப் பஞ்சத்தை நினைத்துக்கொண்டு 1876 என்று குறித்துவிடுவார். தாது 1936லும் வந்ததே! அறுபது வருஷச் சக்கரத்தில் ஒரு சுற்று தவறினால் அறுபது வயது கூடிப்போகும். ஜாதகத்தில் சுற்றி வராமல் தொடர்ந்து ஏறுகிற கலியாண்டோ சாலிவாகன சகாப்தமோ எழுதியிருந்தால் தப்பித்தோம். மஞ்சள் தடவிய நோட்டில் வருஷப் பெயரும் மாசமும் நட்சத்திரமும் மட்டும் இருந்தால், தலைச்சன் பிள்ளை எப்போது பிறந்தது என்று கேளுங்கள். 1958 என்றால் கணக்குத் தீர்ந்தது. 82 வயதில் யார் பிள்ளை பெற்றது? ‘பிளேக் வந்தப்போ பொறந்தவர்’ என்பதும் இதே சிக்கல்தான். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயிலே உண்டு. அந்த நோய் ஒரு தடவை வந்ததோடு நிற்கவில்லை.

இதற்கு ‘ஆண்டு மயக்கம்’ என்று வைக்கலாம் என்பது என் கட்சி. இலக்கணத்தில் திணை மயக்கம், கால மயக்கம் என்கிறோமே, அந்த மயக்கம். ‘சுற்றுப்பிழை’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அதைப் பார்த்தால் எனக்கு மின்சுற்றுதான் ஞாபகம் வருகிறது.

அடுத்தது ‘பெயர் மயக்கம்’. அப்பாரு பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊரில் பழைய பதிவேட்டைத் திறந்தால் எந்த ராமசாமி எவர் என்று முழிக்க வேண்டியதுதான். ஜப்பானின் ஷிகெச்சியோ இசுமி 120 வயது வாழ்ந்ததாகக் கின்னஸே ஏற்றிருந்தது. அந்தப் பதிவு சிறுவயதில் இறந்த அண்ணனுடையதோ என்ற சந்தேகம் கிளம்பி, கடைசியில் கின்னஸ் அதைக் கைவிட்டது.

பிரான்சின் ழான் கால்மா (1875–1997) விஷயம் வேறு. 122 ஆண்டு 164 நாள் வாழ்ந்ததாகப் பதிவு. 1934ல் இறந்தது பதிவில் உள்ளபடி மகள் அல்ல, அவர்தான், மகள்தான் தாயின் பெயரில் வாழ்ந்தார் என்று 2018ல் ரஷ்யாவிலிருந்து ஒரு வாதம் வந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆவணங்களைக் காட்டி மறுத்தார்கள். அந்த வாதத்துக்கு ‘ஆள்மாறாட்டம்’ இருக்கவே இருக்கிறது, புதுச்சொல் எதற்கு?

110 தாண்டியவருக்கு ‘மீநூற்றாளர்’ சரி. ஆவணம் பார்த்து உறுதிசெய்வதற்கு ‘வயதுச் சரிபார்ப்பு’ போதும்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. ஆண்டு மயக்கம், பெயர் மயக்கம் இரண்டுக்கும் பொதுவாக ‘வயது மயக்கம்’ என்று போட்டால், முதியோர் நலக் கட்டுரையில் அது தலைசுற்றலாகிவிடும். அதனால் பொதுச்சொல் வேண்டாம், இரண்டையும் தனித்தனியாகவே பட்டியலில் ஏற்றலாம். தாராபுரத்து நண்பர் ஒத்துக்கொள்ள மாட்டார். சொல்லுங்க, கேட்போம்.